குறைந்தால் நல்லது

கன்னத்தில் பூசிய சந்தனம் காய்ந்து தோலை இழுக்கிறது. போட்டோக்காரர் சிரிக்கச் சொல்கிறார். "மேடம், இங்க பாருங்க, பாப்பாவுக்கும் சேத்து சிரிங்க" என்கிறார், சுற்றி நிற்கிற பெண்கள் எல்லோரும் சிரிக்கிறார்கள், நானும் சிரித்திருப்பேன் போல, ஏனென்றால் அவர் சூப்பர் என்று சொல்லிவிட்டு விளக்கைப் படமெடுக்கப் போய்விட்டார். வயிற்றுக்குள் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்று நினைக்கக்கூடாது, குழந்தை இருக்கிறது, ஒன்பதாம் மாதத்துக் குழந்தை, அதற்காகத்தான் இந்த மஹாலை அரைநாள் வாடகைக்குப் பிடித்து, என்னை இந்தச் சிவப்பு வெல்வெட் நாற்காலியில் உட்கார்த்தி, ஊரைக் கூட்டி வளைகாப்பு நடத்துகிறார்கள். அசைவு இல்லை, அவ்வளவுதான். காலையில் குளிக்கும்போது இல்லை. அம்மா பட்டுப்புடவை கட்டிவிட்டபோது இல்லை. மேடை ஏறும்போது இருந்த மாதிரி இருந்தது, ஆனால் அது படியேறிய மூச்சாகவும் இருக்கலாம். நேற்று இருந்ததா? நேற்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் ஓசூரிலிருந்து லீவில் வந்து இறங்கி, பையைக்கூடக் கீழே வைக்காமல் வயிற்றில் கை வைத்து, "ஏய், அப்பா வந்திருக்கேன்டா" என்றார். உதைத்தது என்றேன் நான். உதைத்ததா, அல்லது அவர் முகத்தைப் பார்த்து அப்படிச் சொன்னேனா? "கையைத் தளர்த்தி விடு தமயந்தி, இப்படி விறைச்சுக்கிட்டா வளையல் எப்படி ஏறும்" என்கிறார் ஜெயக்கொடி பெரியம்மா. கை வீங்கியிருக்கிறது. கண்ணாடி வளையல் கட்டைவிரல் எலும்பில் சிக்கி, அங்கேயே நின்று, பிறகு ஒரு அமுக்கில் உள்ளே போகிறது. வலிக்க வேண்டும். யாருடைய கையையோ யாரோ பிசைவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இங்கிலீஷில் இதற்கு ஒரு வாக்கியம் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் அதில் ஒரு வாக்கியம் இருக்கிறது, அதை டைப் அடித்துத்தான் இத்தனை வருஷமாகச் சம்பளம் வாங்குகிறேன். அமெரிக்காவில் டாக்டர்கள் நோயாளியைப் பார்த்து முடித்ததும், இன்னாருக்கு இன்னது என்று வாயால் சொல்லிப் பதிவு செய்வார்கள். அந்தப் பேச்சு மதுரைக்கு வந்து சேரும். நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, காலடியில் இருக்கும் பெடலை மிதித்து மிதித்து, ஓடவிட்டு நிறுத்தி, ஓடவிட்டு நிறுத்தி, அதை எழுத்தாக்கி அனுப்புவேன். ஒருவர் சாண்ட்விச் மென்றுகொண்டே பேசுவார். ஒருவருடைய நாய் குரைக்கும், அவர் அதை அதட்டுவதையும் சேர்த்து நான் கேட்டாக வேண்டும். அவர்கள் ஊரில் எதுவும் சட்டென்று நிற்பதில்லை. வலியானாலும் வலிப்பானாலும் படிப்படியாக இறங்கும், ஒவ்வொரு படிக்கும் ஒரு சொல் இருக்கும். ஆஃபன். அட் டைம்ஸ். அக்கேஷனலி. செல்டம். ரேர்லி. ஹார்ட்லி எவர். பிறகுதான் நெவர். இருமல் டேப்பர் ஆகும், பென்சிலைச் சீவினால் நுனி ஒடுங்குமே அந்த மாதிரி. மயக்கம் லெஸ் அண்ட் லெஸ் ஆகும். தலைவலி ஃபியூ அண்ட் ஃபார் பிட்வீன், அதாவது பெரிய பொட்டலில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தள்ளித் தள்ளி வரும். ப்ளூ மூன் தெரியும்போது ஒருதடவை என்று ஒரு கிழவர் சொன்னதை டாக்டர் அப்படியே சொல்லிச் சிரித்தார், எனக்கு அத்தி பூத்தாற்போல என்று அம்மா சொல்வது ஞாபகம் வந்தது. அம்மா அதைச் சொல்வது மாமா வீட்டுக்கு வராததற்குத்தான். சேர்ந்த புதிதில் பயிற்சி வகுப்பில் ஒருநாள் பீட்டர் அவுட் என்றால் மெல்ல மெல்லத் தேய்ந்து இல்லாமல் போவது என்று சொல்லிக்கொடுத்தார்கள், வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது, எங்கள் ஊரில் பீட்டர் விடுகிறவர்கள் என்றைக்குத் தேய்ந்து போனார்கள்? எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த சாரே பெரிய பீட்டர்தான். மெல்ல மெல்லத் தேய்ந்து இல்லாமல் போவது. யாரோ மஞ்சள் புடவைக்காரி என் மேல் பன்னீர் தெளிக்கிறாள். குளிர்ச்சியாக இருக்கிறது என்று தெரிகிறது.

விஷயம் அந்தச் சொற்களில் இல்லை. அவற்றுக்குப் பின்னால் எது வரும் என்பதில்தான் இருக்கிறது. எங்கள் வீட்டில் எது குறைந்தாலும் அது பிராது. மழை குறைஞ்சிருச்சு, தண்ணி வரத்து குறைஞ்சிருச்சு, உன் தம்பி போன் பண்றது குறைஞ்சிருச்சு. ஹெட்போனுக்குள் எது குறைந்தாலும் அது நல்ல செய்தி. எனக்குக் கொடுத்திருக்கும் டாக்டர்கள் மூளை, நரம்பு, நுரையீரல், முழங்கால். அங்கே குறைந்தால் குணம். வலிப்பு குறைந்து வருகிறது என்று டாக்டர் வாயைத் திறந்த உடனேயே என் விரல் அடுத்த வாக்கியத்தை அடித்து முடித்திருக்கும், பேஷண்ட் ஈஸ் டூயிங் வெல், நன்றாகத் தேறி வருகிறார், இதே மாத்திரையைத் தொடரவும். அவர் அதைச் சொல்லும்போது நான் சும்மா உட்கார்ந்திருப்பேன். ஒருநாளும் தப்பினதில்லை. வேகமாக அடிக்கிறேன் என்று சூப்பர்வைசர் மெச்சிக்கொள்வதற்குக் காரணம் இதுதான், காதுக்கு முன்னால் விரல் போய்விடும். அந்த விரல்தான் என் வயிற்றிலும் அடித்துவிட்டது. ஆறாம் மாதம் ஏழாம் மாதமெல்லாம் இந்தக் குழந்தை படுத்திய பாடு இருக்கிறதே, விலா எலும்புக்குக் கீழே குதிகாலை வைத்து ஒரு நெம்பு நெம்பும், நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுகொண்டு டைப் அடிப்பேன். படுத்தால் அதற்கு விடியும். ஒருபக்கம் ஒருக்களித்தால் மறுபக்கம் வந்து இடிக்கும். பால் டம்ளரை வயிற்றின்மேல் வைத்து அது குலுங்குவதை வீடியோ எடுத்து ஓசூருக்கு அனுப்பியிருக்கிறேன். அப்புறம் கொஞ்சம் அடங்கியது. அப்புறம் சாப்பிட்ட பிறகு மட்டும். அப்புறம் எப்போதாவது. ஒவ்வொரு படி இறங்கும்போதும் நான் அந்தப் படியின் பெயரைச் சொல்லியிருக்கிறேன். அக்கேஷனலி என்றேன் எனக்குள், சிரித்துக்கொண்டே. நன்றாகத் தூங்கினேன். தூங்கினேன் என்பதை நினைத்தால் ஏதாவது ஆக வேண்டும், தொண்டை அடைக்க வேண்டும், கை நடுங்க வேண்டும். ஆகவில்லை. கை முழுக்க வளையல், நடுங்கினால் எல்லோருக்கும் கேட்டுவிடும், அதனால் நடுங்கவில்லையோ என்னவோ.

வாசல் பக்கம், தாம்பூலப் பைகளை அடுக்கி வைத்த மேஜைக்குப் பின்னால், மதினி உட்கார்ந்திருக்கிறார்கள். என் வீட்டுக்காரரின் அக்கா, அங்கயற்கண்ணி, மேல்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். முறைப்படி எனக்கு முதல் காப்பு போட வேண்டியது நாத்தனார்தான். வேப்பங்குச்சியை வளைத்துக் கட்டிய காப்பை முதலில் நாத்தனார் மாட்டிவிட்டுத்தான் மற்றவர்கள் கண்ணாடி வளையலைத் தொடவேண்டும் என்று போன மாதம்வரை அத்தையே சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிறகு ஒருநாள் அத்தையும் ஜெயக்கொடி பெரியம்மாவும் அடுப்படியில் மெதுவாகப் பேசிக்கொண்டார்கள், அதற்கப்புறம் நாத்தனார் முறைக்குச் சித்தப்பா மகள் வருகிறாள் என்றார்கள். அவளுக்கு ரெண்டு பிள்ளைகள். மதினிக்கு இல்லை. இல்லை என்பதும் சரியில்லை. எனக்குக் கல்யாணம் ஆகி வருவதற்கு ரொம்ப நாள் முன்னால் மதினிக்கு ஒரு குழந்தை, இதே மாதிரி மாதம் நிறைந்து, வளைகாப்பெல்லாம் முடிந்து, உள்ளேயே போய்விட்டது. அந்த வீட்டில் அதற்குப் பெயர் 'அந்த விஷயம்'. அதைப்பற்றி நான் கேட்டதில்லை, யாரும் சொன்னதில்லை, என் வீட்டுக்காரர் மட்டும் ஒருதடவை, பையனாம், என்றார். அதற்கப்புறம் தங்கவே இல்லை. தாம்பூலப் பையைப் பார்த்துக்க நம்பிக்கையா ஒரு ஆள் வேணும்ல என்று அத்தை சொன்னபோது மதினி சரிம்மா என்று சொல்லிவிட்டு, தேங்காய்களைக் குலுக்கிப் பார்த்துத் தனியாக எடுத்துவைக்க ஆரம்பித்துவிட்டார்கள். எனக்குக் கோபம் வந்தது. வந்த கோபத்தைக் கொண்டு ஒன்றும் செய்யவில்லை. இப்போது அங்கிருந்து என்னைத்தான் பார்க்கிறார்கள், அல்லது எனக்குப் பின்னால் இருக்கும் பூ அலங்காரத்தை. போன வாரம் போன் செய்தார்கள். புடவைக்கு ஜாக்கெட் தைத்தாகிவிட்டதா, கால் வீக்கம் வடிந்ததா என்றெல்லாம் கேட்டுவிட்டு, கடைசியில், வைக்கப்போகிற நேரத்தில், "உதைக்குதாடா?" என்றார்கள். நான் என்ன சொன்னேன்? "முன்ன மாதிரி இல்ல மதினி, ரொம்பச் சமத்தாயிருச்சு. இப்பல்லாம் என்னைத் தூங்க விடுது." அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று ஹலோ ஹலோ என்றேன். "டாக்டர்ட்ட எதுக்கும் ஒரு வார்த்தை சொல்லிரு" என்றார்கள், மெதுவாக, கேட்கக்கூடாதவர் கேட்டுவிட்ட மாதிரி. சொல்லவில்லை. நல்ல செய்தியை எதற்கு டாக்டரிடம் போய்ச் சொல்வது.

"வாய் தொறந்து ஏதாவது பேசுத்தா, கொலு பொம்மை மாதிரி உக்காந்திருக்க" என்கிறாள் எதிர்வீட்டு அக்கா, கன்னத்தில் இன்னொரு கை சந்தனத்தை அப்பியபடி. அவளுக்குப் பின்னால் ஒருத்தி, அவளுக்குப் பின்னால் ஒருத்தி, மேடையின் படிவரை வரிசை நிற்கிறது. எல்லோரும் ஏதாவது சொல்கிறார்கள். முகம் தெளிஞ்சிருக்கு, பையன்தான். வயிறு இறங்கிருச்சு, இன்னும் கொஞ்ச நாள்தான். குங்குமப்பூ சாப்டியா? வளையல் சத்தம் உள்ள இருக்கற பிள்ளைக்குக் கேட்கும், நல்லாக் குலுக்கு, குலுக்கு என்று சொல்லி ஒரு பாட்டி என் மணிக்கட்டைப் பிடித்து வயிற்றுக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டுகிறாள். சலசலவென்று சத்தம். நான் உள்ளே காதை வைக்கிறேன். வயிற்றுக்குள் எப்படிக் காதை வைப்பது? வைக்கிறேன். பெடலை மிதிக்கிற மாதிரி வலதுகால் தானாகக் கீழே அமுங்குகிறது, நிறுத்து, பின்னால் போ, மறுபடி ஓடவிடு, சரியாகக் கேட்காத இடத்துக்கு அப்படித்தான் செய்வோம், அப்போதும் கேட்காவிட்டால் கோடு போட்டு விட்டுவிடுவோம். அந்தச் சாண்ட்விச் டாக்டரின் குரல் வருகிறது. மென்றுகொண்டே சொல்கிறார், முதல் பிரசவம், ஒன்பதாம் மாதம், குழந்தையின் அசைவு லெஸ் அண்ட் லெஸ் என்று பேஷண்ட் சொல்கிறார். விரல் தயாராக இருக்கிறது. அடுத்த வாக்கியம் எனக்குத் தெரியும், நான் முந்தி அடித்துவிடுவேன். அவர் சொல்லவில்லை. மெல்லுகிறார். நான் காத்திருக்கிறேன், வரிசையில் அடுத்த பெண் வந்து குனிகிறாள், பெரிய மல்லிகைச் சரம், வியர்வை வாசனை, ஒரு பச்சை வளையல், ஒரு சிவப்பு வளையல், அந்த வாக்கியம் வரவே இல்லை. கர்ப்பிணிகளின் பதிவு எனக்கு ஒருநாளும் வந்ததில்லை என்று அப்போதுதான் தோன்றுகிறது. அது வேறு டீமுக்குப் போகும். குறைந்தால் கெட்டது என்று ஒரு இடம் இருக்கலாம், அதை நான் டைப் அடித்ததே இல்லை.

இதை யாரிடமாவது சொல்ல வேண்டும். சொல்வது சுலபம். அம்மா பக்கத்தில்தான் குங்குமச் சிமிழோடு நிற்கிறாள். எழுந்து சொல்லவேண்டும் என்றுகூட இல்லை, லேசாகக் குனிந்தால் போதும். எப்படிச் சொல்வது? கம்மியா அசையுது என்பதா? அது அசையுது என்று சொல்வது. அசையலை என்றால் அது வேறு. அதைச் சொல்லிவிட்டால் இந்த மேடை, விளக்கு, வரிசை, கீழே பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருக்கும் அவர், எல்லாம் அந்தச் சொல்லுக்கு அந்தப் பக்கம் போய்விடும். இன்னும் ஒரு வளையல் போகட்டும் என்று பார்க்கிறேன். அந்த வளையல் போய்விட்டது. இந்த ஊதாப் புடவை போகட்டும். அவளும் போய்விட்டாள். இப்படியே எத்தனை பேரை விட்டேன் என்று தெரியவில்லை. "அம்மா" என்றேன். "என்னடி, தண்ணி வேணுமா?" என்றாள். "ரெண்டு நாளா சரியா அசையலம்மா." சொல்லிவிட்டேன், குரல் வானிலை அறிக்கை வாசிக்கிற மாதிரி இருந்தது. அம்மாவின் கை குங்குமத்துக்குள் ஒரு நொடி நின்றது. பிறகு ஜெயக்கொடி பெரியம்மாவைப் பார்த்தாள். பெரியம்மாவுக்கு ஐந்து பிரசவம், இந்த மாதிரி நேரத்தில் அவர்தான் பெரிய டாக்டர். "இதுக்கா முகத்தை இப்படி வச்சிருக்க?" என்று சிரித்தார். "ஒம்பதாம் மாசம்ல. உள்ள இடம் எங்க இருக்கு துள்ளிக்கிட்டுக் கிடக்க? தலை திரும்பியிருக்கும், அதான் அடங்கிருச்சு. என் மூத்தவன் இப்படித்தான் கடைசியில கல்லு மாதிரிக் கிடந்தான், பொறந்தப்புறம் பார்த்தா ஊரையே ரெண்டாக்கினான்." அத்தை எட்டிப் பார்த்து என்னவென்று கேட்டார்கள், அம்மா காதில் சொன்னாள், அத்தையின் கண் ஒருமுறை வாசலில் இருந்த மேஜைப் பக்கம் போய்விட்டுத் திரும்பியது. "வெறும் வயித்தோட உக்காந்திருக்கால்ல. ஆரத்தி எடுத்து முடிச்சதும் சக்கரைப் பொங்கல் ரெண்டு வாய் சாப்பிட்டா தானா உருளும். பாதியில எந்திரிக்கக் கூடாதும்மா. இன்னும் கொஞ்சப் பேர்தான்." மூன்று பேரும் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. நன்றாகத் தேறி வருகிறார், இதே மாத்திரையைத் தொடரவும். அந்த வாக்கியத்தைத் தமிழில் இவர்கள் சொல்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம் என்று நினைத்தேன். தலையாட்டினேன். அடுத்த பெண்ணுக்குக் கையை நீட்டினேன்.

கையை நீட்டியபடியே மதினியைப் பார்த்தேன். அவர்கள் எழுந்து நின்றிருந்தார்கள். மேடையில் பேசியது அங்கே கேட்டிருக்காது, பாட்டு அலறிக்கொண்டிருந்தது. ஆனாலும் எழுந்து நின்றார்கள், கையில் ஒரு தாம்பூலப் பை, முன்னால் ஒரு அடி எடுத்து வைத்துவிட்டு, அதற்குமேல் தனக்கு இடமில்லை என்கிற மாதிரி நின்றுவிட்டார்கள். அந்தக் காலும் மேஜையும் மேடையும் எனக்கு இப்போது மிகத் தெளிவாகத் தெரிகிறது. எல்லோரும் ஏறுகிற அந்த மேடையில் ஒருவர் மட்டும் ஏறக்கூடாது, எனக்கு நேர்ந்துகொண்டிருப்பது என்ன என்று தெரிந்தவர் அந்த ஒருவர்தான். "மதினி" என்று கூப்பிட்டேன். சத்தம் போதவில்லை. "மதினி, இங்க வாங்க!" பாட்டுக்கு மேல் கத்தினேன், வரிசையில் நின்றவர்கள் திரும்பினார்கள். அத்தை, "அவ எதுக்கும்மா, வேலையா இருக்கா" என்றார்கள். நான் மறுபடி கூப்பிட்டேன். மதினி வந்தார்கள். வரிசை விலகி வழி விட்டது, அது மரியாதைக்கு விலகியது இல்லை. மேடைப் படிக்குக் கீழேயே நின்று, "என்னடா?" என்றார்கள். அவர்களுக்கு நான் கஷ்டம் கொடுக்கப்போகிறேன் என்று தெரிந்தது. தெரிந்தும் கேட்டேன், அத்தனை பேர் முன்னால் கேட்டேன். "உங்களுக்கு எப்படி இருந்துச்சு மதினி? போறதுக்கு முன்னாடி?" அத்தை, "அடிப்பாவி, என்ன பேச்சு இது, எந்த நேரத்துல!" என்று வாயில் கையை வைத்துக்கொண்டார்கள். பெரியம்மா யாரையோ பாட்டை நிறுத்தச் சொன்னார், அல்லது அதுவாக நின்றது. மதினியின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. கரும்பலகையில் ஒரு கணக்கைப் போட்டுக்காட்டுகிற குரலில் சொன்னார்கள். "ஒண்ணும் பெருசா இல்லடா. முன்னாடி நெறைய உதைச்சுச்சு. அப்புறம் கம்மியாச்சு. அப்புறம் இன்னும் கம்மியாச்சு. எல்லாரும் இடம் பத்தாம அடங்கிருச்சுன்னாங்க. எனக்கும் நல்லாத்தான் இருந்துச்சு, நல்லாத் தூங்குனேன்." கையிலிருந்த தாம்பூலப் பையைப் படியில் வைத்துவிட்டு, "என்னைக்கு நின்னுச்சுன்னே எனக்குத் தெரியல" என்றார்கள். பிறகு செருப்பைக் கழற்றாமலே மேடை ஏறினார்கள். என் முழங்கைக்குக் கீழே கையைக் கொடுத்து, "எந்திரி" என்றார்கள்.

எழுந்துவிட்டேன். ஆரத்தித் தட்டு ஒரு பெண்ணின் கையில் அப்படியே நின்றது. பாதியில போகாதம்மா, திருஷ்டி கழிக்கணும், கண்ணு படும் என்றெல்லாம் பின்னால் குரல்கள், அம்மா மட்டும் என் பையை எடுத்துக்கொண்டு வந்து மதினியிடம் கொடுத்தாள். அவர் பந்தியிலிருந்து சாம்பார்க் கையோடு ஓடிவந்தார், என்ன என்ன என்றார், ஆஸ்பத்திரிக்குடா, வண்டியைக் கூப்பிடு என்றார்கள் மதினி. வெயிலில் நின்ற கார் உள்ளே அடுப்பாக இருந்தது. அவர் முன்சீட்டில், நானும் மதினியும் பின்சீட்டில். என் முகமெல்லாம் சந்தனம், கழுத்தில் ரோஜா மாலை, சிக்னலில் பக்கத்து பைக்கிலிருந்த பெண் என்னைப் பார்த்துச் சிரித்து, கையால் வாழ்த்தினாள். நானும் தலையை ஆட்டினேன். எனக்கு இன்னும் ஒன்றும் ஆகவில்லை. இந்த மஹால் அட்வான்ஸ் திரும்பி வராது என்று நினைத்தேன், சர்க்கரைப் பொங்கல் ஆறிவிடும் என்று நினைத்தேன். பாலத்தில் ஏறும்போது மதினி, "தொடட்டுமா?" என்று கேட்டார்கள். இவ்வளவு நாளில் அவர்கள் என் வயிற்றைத் தொட்டதே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. தெருவில் போகிறவர்கள்கூடத் தொட்டிருக்கிறார்கள். நான் அவர்கள் கையைப் பிடித்து வைத்தேன். உள்ளங்கை சில்லென்று இருந்தது, சுண்ணாம்பும் வெற்றிலையும் மணந்தது. வண்டி அதிர்ந்தது, ஏசி அதிர்ந்தது, எதுவும் புரியவில்லை. "தம்பி, பாலம் இறங்குனதும் ஓரமா நிறுத்துங்க" என்றார்கள் டிரைவரிடம். முன்சீட்டிலிருந்து என் வீட்டுக்காரர் திரும்பி, "அக்கா, ஆஸ்பத்திரி இன்னும்..." என்றார். "நிறுத்தச் சொல்லுடா. இஞ்சினையும் நிறுத்தச் சொல்லு."

நின்றது. வெளியே பஸ் ஹாரன், யாரோ இளநீர் விலை கேட்கிறார்கள். உள்ளே நாலு பேரும் மூச்சுவிடவில்லை. டிரைவர் ஸ்டியரிங்கைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மதினி இன்னொரு கையையும் வைத்தார்கள், கண்ணை மூடிக்கொண்டார்கள், நானும் மூடிக்கொண்டேன். ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை. எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. பிறகு இடதுபக்கம், ரொம்பக் கீழே, தூக்கத்தில் ஒருவர் போர்வைக்குள் காலை நகர்த்திக்கொள்கிற மாதிரி, அவ்வளவு மெதுவாக, அவ்வளவு சின்னதாக. நான் கண்ணைத் திறந்தேன். மதினி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இதா?" என்றார்கள். "இதுதான்." அவர் முன்சீட்டிலிருந்து, "உதைச்சுச்சா? அப்ப சரியாயிருச்சுல்லக்கா?" என்றார், அழுதுகொண்டு சிரித்தார். மதினி சிரிக்கவில்லை. "ஒண்ணு போதாது. நீ வண்டியை எடுக்கச் சொல்லு" என்றார்கள். வண்டி கிளம்பியது. அப்போதுதான் என் கால் நடுங்கத் தொடங்கியது, பிறகு கை, இரண்டு கை நிறைய வளையலும் சேர்ந்து காதைப் பிளந்தது, நிறுத்த முடியவில்லை. பயமாக இருந்தது. காலையிலிருந்து வராத பயம் மொத்தமும் ஒரே நேரத்தில் வந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது. உள்ளே உயிரோடு ஒரு ஆள் இருக்கிறது, இத்தனை நாளாகத் தன்னால் முடிந்த மட்டும் தட்டிப் பார்த்திருக்கிறது, நான் சமத்து என்று கொஞ்சியிருக்கிறேன். முன்னால் ஒரு தண்ணீர் லாரி ஆடி அசைந்து போய்க்கொண்டிருந்தது. "ஹாரன் அடிங்க!" என்று கத்தினேன். "அண்ணே, ஹாரன் அடிங்கண்ணே, சீக்கிரம் போங்க!"